தாம்பரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை

தாம்பரம் பெரும்பாலோருக்கு இறங்கி வண்டி மாறும் ஊர். தெற்கிலிருந்து வரும் ரயில்களில் பாதிக் கூட்டம் இங்கேயே இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு பீச் வண்டிக்கு ஓடும். சென்னைக்காரர்களுக்கோ ஊர் முடிந்து ஜி.எஸ்.டி. ரோடு தொடங்கும் இடம். இரண்டு தரப்புமே நின்று பார்க்காத இந்த ஊருக்கு, நூறு ஆண்டுகளுக்கு முன் காற்றுக்காகவே ஆட்கள் வந்து தங்கினார்கள்.

காசநோய்க்கு மருந்து இல்லாத காலம் அது. வறண்ட காற்று, வெயில், நல்ல சாப்பாடு, ஓய்வு ஆகியவையே வைத்தியம். உலகின் பாலைவன ஓய்வூர்கள் பலவற்றுக்கும் அடித்தளம் போட்டவர்கள் உல்லாசப் பயணிகளல்ல, இருமல்காரர்கள்தான். கெய்ரோவுக்குத் தெற்கே உள்ள ஹெல்வான் அப்படி வளர்ந்தது. கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸுக்கும் முதலில் வந்தவர்களில் நுரையீரல் நோயாளிகள் அதிகம். தாம்பரம் பாலைவனம் இல்லை. ஆனாலும் பச்சைமலை அடிவாரத்தில் முள்ளும் புதருமாகக் கிடந்த செம்மண் மேடு, கடற்கரையின் பிசுபிசுப்பு எட்டாத தொலைவில் இருந்தது. 1928-இல் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து அங்கேதான் பன்னிரண்டு படுக்கைகளோடு ஒரு சானடோரியம் தொடங்கினார்.

சௌரி முத்து இதற்கு முன்பே இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் காசநோய் இல்லம் நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் 1914-இல் இங்கிலாந்துக்குப் போன ‘நெவாசா’ கப்பலிலேயே இவரும் பயணம் செய்தார். பின்னர் உடல்நலம் கெட்டபோது ராமானுஜன் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று இவருடைய மெண்டிப் இல்லம். தாம்பரம் சானடோரியம் 1937-இல் அரசு கைக்கு மாறியது. 1959-இல் வெளியான புகழ்பெற்ற சென்னை ஆய்வு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டில் இருந்தபடியே காசநோய் குணமாகும், சானடோரியத்தில் படுக்க வேண்டிய அவசியமில்லை என்று காட்டியது. காற்று வைத்தியத்தின் கதை அத்தோடு முடிந்தது, மருத்துவமனை முடியவில்லை. 1990-களில் எச்.ஐ.வி. நோயாளிகளைப் பல இடங்களில் வாசலிலேயே திருப்பி அனுப்பியபோது சேர்த்துக்கொண்டது இந்த மருத்துவமனை. பக்கத்திலேயே 2005-இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் வந்தது. ரயில் நிலையத்துக்கும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்றே பெயர். பேச்சில் வெறும் ‘சானடோரியம்’.

இந்த ஊரை ஒரு நாள் ஆற அமர, உள்ளூர்க்காரர் போலச் சுற்ற நினைப்பவர் முதலில் கிழமையைப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை என்றால் பல்லாவரம் சந்தை உண்டு. ஞாயிற்றுக்கிழமை என்றால் மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் மாலை ராகு காலத்தில் சரபேசுவரர் பூசை உண்டு. கூட்டம் சரபேசுவரர் உருவம் உள்ள தூணை நெருங்க விடாது. இரண்டில் வெள்ளிக்கிழமையே மேல். சந்தையை வேறு நாளில் பார்க்க முடியாது, கோயிலை எந்த நாளிலும் பார்க்கலாம்.

அடுத்தது, ஊர் இரண்டு என்பதை மனதில் வைக்க வேண்டும். தண்டவாளம் தாம்பரத்தைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்திருக்கிறது. மேற்கில் கடைவீதியும் ஜி.எஸ்.டி. ரோட்டின் இரைச்சலும். கிழக்கில் விமானப்படைத் தளம், சேலையூர், கேம்ப் ரோடு, ஏரிகள். வழி கேட்டால் முதலில் வரும் எதிர்க்கேள்வி, “ஈஸ்டா, வெஸ்டா?” என்பதுதான்.

காலைப் பொழுது கிழக்குக்கு உரியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1837-இல் தொடங்கி நூறு ஆண்டு ஜார்ஜ் டவுன் நெரிசலில் இருந்துவிட்டு, 1937-இல் சேலையூர்க் காட்டு நிலத்துக்குக் குடிபெயர்ந்தது. ஏறத்தாழ 365 ஏக்கர். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் மனைவி ஆலிஸும் இந்தப் புதர்க்காட்டை வெட்டிச் சாய்க்காமல், அதற்குள்ளேயே மரங்களை நட்டு வளர்த்தார்கள். சென்னையைச் சுற்றி ஒரு காலத்தில் இருந்த வறள் பசுமைமாறாக் காடு எப்படி இருந்தது என்பதற்கு மிச்சமிருக்கும் சில சான்றுகளில் இந்த வளாகமும் ஒன்று. உள்ளே போக அனுமதி வேண்டும். கிடைக்காதவர்கள் சேலையூர், செம்பாக்கம் ஏரிக்கரைகளில் நடக்கலாம். நாமக்கோழியும் நீர்க்காகமும் பார்க்க அனுமதிச் சீட்டு தேவையில்லை.

ஏழரை மணிக்கு மேல் டிபன். எந்தக் கடை என்பது பெரிய கேள்வியல்ல. பொங்கல் தீர்வதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பதே விதி. அதன் பிறகு எலெக்ட்ரிக் ட்ரெயின். கடற்கரை–தாம்பரம் மின்பாதையில் 1931 மே 11-இல் ஓடத் தொடங்கிய வண்டிதான் இந்தியாவின் முதல் மீட்டர்கேஜ் மின்ரயில். தென்சென்னைப் புறநகர் என்று இன்று சொல்லப்படுவதை உருவாக்கியது அந்தப் பாதை. மாம்பலமும் குரோம்பேட்டையும் அதன் ஓரமாகத்தான் ஊராகின. மீட்டர்கேஜ் வண்டிகள் 2004-இல் ஓய்ந்தன. ஆனாலும் காலை நெரிசல் அடங்கிய பிறகு, சன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்து போகும் சுகம் அப்படியே இருக்கிறது.

வழியில் குரோம்பேட்டை. 1912 வாக்கில் சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் தொடங்கிய குரோம் லெதர் தோல் ஆலை தந்த பெயர். ஆலை போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. சி.ராஜம் 1949-இல் நிறுவிய எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி இங்கேதான். அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த இடம்.

அடுத்த நிலையம் பல்லாவரம். பழைய டிரங்க் ரோட்டுச் சந்தைக்கு நடந்தே போய்விடலாம். மாட்டுச் சந்தையாக இருந்தது இன்று எல்லாவற்றுக்குமான சந்தை. ஒரு வரிசை முழுக்கக் கீரையும் கருவாடும்; நெத்திலி, வாளை வாசனை நூறடிக்கு முன்பே வழிகாட்டும். அடுத்த வரிசையில் கால் கட்டிய நாட்டுக்கோழிகள், கூண்டில் லவ் பேர்ட்ஸ், பாலித்தீன் பையில் மிதக்கும் தங்கமீன். அதற்கப்பால் ரோஜா, செம்பருத்தி நாற்றுகள். இவையெல்லாம் எந்தச் சந்தையிலும் கிடைப்பவை. பல்லாவரத்தின் தனிச்சிறப்பு பழைய சாமான் பகுதிதான். தார்ப்பாயின் மேல் கொட்டி வைத்த டி.வி. ரிமோட்டுகள், நூறுக்குக் குறையாது. மூடியில்லாத மிக்சி ஜார்கள், ஜாரில்லாத மூடிகள். பித்தளைத் தூக்கு, வால்வு ரேடியோ, தையல் இயந்திரத் தலை, எந்தக் கம்பெனியில் இருந்து கழித்தது என்று தெரியாத மோட்டார்கள். “அண்ணே, இது ஓடுமா?” என்று கேட்பவருக்கு, “ஓடலைன்னா அடுத்த வெள்ளி கொண்டாங்க” என்று பதில் வரும். வாங்குபவர் சிரிப்பார். விலை அதற்குப் பிறகுதான் தொடங்கும். சொன்ன விலையில் பாதியைக் கேட்பது இங்கே மரியாதைக் குறைவில்லை. பழுது பார்க்கும் மெக்கானிக்குகள் விடிந்தும் விடியாததுமாக வந்து நல்லவற்றைப் பொறுக்கிப் போய்விடுவார்கள் என்பதால், பத்து மணிக்கு மேல் வருபவருக்கு மிஞ்சுவது வேடிக்கைதான். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை. சந்தை அதைக் கண்டுகொள்வதாகத் தெரியவில்லை.

பழைய சாமானுக்கும் பல்லாவரத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1863 மே 30 அன்று, புவியியல் ஆய்வுத்துறை அதிகாரி ராபர்ட் புரூஸ் ஃபுட் இங்கேதான் சரளைமண் பள்ளத்தில் ஒரு கல் ஆயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்பதற்கான முதல் தடயம் அது. இந்தியத் தொல்பழங்கால ஆய்வே இந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. பல்லாவரம், பரங்கிமலைப் பாறைக்கும் உலகப் பெயர் உண்டு. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையை மூடிய கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து, அந்தப் பாறை வகைக்கு 1893-இல் ‘சார்னோகைட்’ என்று பெயர் வைத்தார். அந்தக் கல் பல்லாவரம் பக்கத்திலிருந்து போனதாகவே கருதப்படுகிறது. இதே பாறையில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயிலும் இங்கே உண்டு. இன்று அது தர்கா. பல்லவர் தூண்களுக்கு நடுவே பச்சைத் துணியும் ஊதுவத்திப் புகையுமாக இருக்கிறது. இவ்வளவு இருந்தும் இந்த ஊரில் இவற்றை விளக்கும் ஒரு சிறிய அருங்காட்சியகம்கூட இல்லாதது பெரிய குறை.

பன்னிரண்டு மணிக்கு மேல் வெயில் ஊரை எடுத்துக்கொள்ளும். கோடையில் கடற்காற்று மெரினாவைத் தொட்டு வெகு நேரம் கழித்தே தாம்பரத்துக்கு வந்து சேரும். சில நாள் வராமலேயே போகும். உள்ளூர்க்காரர்கள் இந்த நேரத்தில் சுற்றுவதில்லை. சாலையோரக் கூழ் வண்டியில் ஒரு சொம்பு கம்பங்கூழ், தொட்டுக்கொள்ள மோர் மிளகாயும் மாங்காயும். சீசனாக இருந்தால் நுங்கு. பிறகு மின்விசிறிக்குக் கீழே ஒரு தூக்கம். இதை நேர விரயம் என்று நினைப்பவர்கள் தாம்பரத்துக்கு ஒரு நாள் ஒதுக்கத் தேவையில்லை.

நான்கு மணிக்கு மேல் திருநீர்மலை. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. அடிவாரத்தில் நின்ற கோலத்தில் நீர்வண்ணர். மலைமேல் கிடந்த கோலத்தில் ரங்கநாதர், அமர்ந்த நரசிம்மர், நடந்த உலகளந்த பெருமாள். மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்ததால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து தரிசித்தார் என்பது தலவரலாறு. முகூர்த்த நாள்களில் படியெல்லாம் கல்யாணக் கூட்டம். தமிழ் சினிமாவின் அவசரக் கல்யாணங்கள் பலவும் இங்கேதான் நடந்தன. மேலே ஏறி நின்றால் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்குவது தெரியும். படியேற முடியாதவர்கள் எதிர்ப்புறம் மாடம்பாக்கம் போகலாம். யானையின் பின்புறம் போல வளைந்த விமானத்தோடு, சோழர் கால தேனுபுரீசுவரர் கோயில். வெள்ளி மாலையில் கூட்டமும் குறைவு.

இருட்டிய பிறகு மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை. காய்கறி, பூ, பாத்திரம், நைட்டி என்று நடக்க இடமில்லாத கடைவீதி. தென் மாவட்டத்துக்காரர்கள் தலைமுறையாகக் குடியேறிய ஊர் என்பதால் அல்வாவும் பரோட்டாவும் சென்னை ருசிக்கு வளைந்து கொடுப்பதில்லை. பூக்காரம்மா முழம் போடும்போது கையைக் கவனிப்பது பழைய ஆட்களின் வழக்கம். அவர் அதைக் கவனித்துக்கொண்டே போடுவார்.

பருவமும் முக்கியம். மார்கழி, தை, மாசிதான் சுற்றுவதற்கு ஏற்றவை. ஏரிகள் நிறைந்திருக்கும், வெயில் பொறுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. 2015 மழையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. குழந்தைகளோடு வருபவர்கள் வண்டலூர் உயிரியல் பூங்காவை இதே நாளில் சேர்க்கக் கூடாது. 1985-இல் திறந்த, 600 ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்தப் பூங்காவுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஊர் திரும்பப் பேருந்து பிடிப்பவர்கள், தென் மாவட்ட அரசுப் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன என்பதைக் கணக்கில் வைத்து, தாம்பரத்தை ஒரு மணி நேரம் முன்பே விட வேண்டும்.