புளிப்பும் பல் அடைப்பும்

சென்ற வாரம், வெள்ளியும் பாதரசமும் கலந்த பழைய பல் அடைப்பு மெல்ல விடைபெற்று வருவதைப் பற்றி எழுதியிருந்தேன். பாதரசத்தின் உபயோகத்தைக் குறைப்பதற்காக 2013-ல் உருவாகி, 2018-ல் இந்தியாவும் ஏற்றுக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கைக்குப் பின், பல்லின் நிறத்திலேயே அமையும் அடைப்புகளே இனிப் பெருவழக்காகும் என்பது தெளிவு. ஆகவே அவை வாயில் எத்தனை காலம் நிலைக்கும், எதனால் சிதையும் என்று விசாரிப்பது அவசியமாகிறது. அந்த விசாரணைக்கு ஐதராபாத்தைவிடப் பொருத்தமான நகரம் கிடைப்பது அரிது.

முசி நதிக்கரையில், உஸ்மானியா பொது மருத்துவமனை நிற்கும் அப்சல்கஞ்ச் பகுதியிலேயே, 1959-ல் ஸ்தாபிக்கப்பட்ட அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அங்கிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் புளிப்பு நம்மை எதிர்கொள்ளும். புளி கரைத்துவிட்ட பருப்பு, எள்ளும் வேர்க்கடலையும் புளியும் சேர்ந்த மிர்ச்சி சாலன், கோடை வெயிலுக்கு எலுமிச்சை பிழிந்த சோடா, இவையெல்லாம் போதாதென்று, பிரியாணி என்றால் கூடவே ஒரு தம்ஸ் அப் என்பது அந்நகரத்தாரில் பலருக்கு மாறாத சம்பிரதாயம். கோகோ கோலா நாட்டைவிட்டு வெளியேறிய 1977-ல் பிறந்த பானம் அது. அதில் சேரும் புளிப்பு பாஸ்பாரிக் அமிலத்தினுடையது.

இவ்விடத்தில் ஓர் ஆச்சரியத்தைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. 1955-ல் மைக்கேல் புவனோகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவ விஞ்ஞானி, 85 சதவிகித பாஸ்பாரிக் அமிலத்தை எனாமலின்மீது அரை நிமிஷம் தடவிக் கழுவிவிட்டால், அதன் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத நுண்குழிகள் உண்டாகி, பிசின் அவற்றுள் புகுந்து இறுகப் பற்றிக்கொள்கிறது என்று காட்டினார். 1962-ல் ரஃபேல் போவன் பிஸ்-ஜிஎம்ஏ என்னும் பிசினுக்குக் காப்புரிமை பெற்று, இன்று காம்போசிட் என்று வழங்கும் பொருளுக்கு அடிகோலினார். ஆக, இன்றைக்கும் ஏறக்குறைய 37 சதவிகித அளவில் வைத்தியர் சில விநாடிகள் தடவி எடுக்கும் அந்த அமிலந்தான் அடைப்பைப் பல்லோடு பிணைக்கிறது. மிகவும் நீர்த்த உருவத்தில் பானத்தில் புகுந்து, வருஷக்கணக்கில் அந்தப் பிணைப்பின் ஓரத்தை அரிப்பதும் அதுவேதான்.

எனாமல், பிஹெச் அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது கரையத் தொடங்குகிறது. எண் ஒன்று குறைந்தால் அமிலம் பத்து மடங்கு மிகும். கோலா வகைகள் 2.5-ஐ ஒட்டி நிற்பதால், அந்த எல்லையைப்போல் ஆயிரம் மடங்கு அமிலம் உடையவை. காம்போசிட்டிலோ, ஜல்லியைச் சிமெண்ட் பிடித்திருப்பதுபோல் கண்ணாடித் துகள்களைப் பிசின் பிடித்திருக்கிறது. இரண்டையும் ஒட்டவைப்பது சிலேன் என்ற மெல்லிய படலம். அமிலமும் நீரும் ஊற ஊறப் பிசின் இளகி, சிலேன் பிணைப்பு அறுந்து, துகள்கள் கழன்று மேற்பரப்பு சொரசொரப்பாகிறது. அந்தச் சொரசொரப்பில் இரானி தேநீரின் சாயம் தங்கிவிடுகிறது.

ஆனாலும் அடைப்பின் நடுப்பகுதி பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடும், கெடுவது விளிம்பு. அமிலம் எனாமலைக் கரைக்கும் வேகத்தில் காம்போசிட்டைக் கரைப்பதில்லையாதலால், காலப்போக்கில் சுற்றியுள்ள பல் தாழ்ந்து அடைப்பு மேடாக நின்றுவிடுகிறது. வைத்தியர் கூரிய முனைக் கருவியால் ஓரத்தை வருடும்போது அது ஒரு படியில் தட்டி நிற்கும். அந்தப் படியை ஒட்டி மயிரிழை அளவில் ஒரு பழுப்புக் கோடு ஓடும். மறுபடியும் சொத்தை நுழைவதற்கு அந்த இடைவெளி போதும்.

லண்டனில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் உருவாக்கி 1972-ல் வெளியிட்ட, பல்நிற அடைப்புப் பொருள்களில் மற்றொன்றான கிளாஸ் அயனோமர் சிமெண்ட்டின் சுபாவம் வேறு. ஃபுளோரைடைக் கசியவிட்டுப் பல்லுக்குத் துணைசெய்யும் நற்குணம் அதற்கு உண்டு. எனினும் கண்ணாடித் தூளும் அமிலமும் கலந்து இறுகிய பொருளாகையால், அதைக் கட்டிவைத்திருக்கும் கால்சியத்தையும் அலுமினியத்தையும் சிட்ரிக் அமிலம் பற்றி இழுத்துவிடுகிறது. எனவே பழச்சாறு உடம்புக்கு நல்லது என்று எலுமிச்சையும் சாத்துக்குடியும் நாள் முழுதும் அருந்துபவருடைய அடைப்பு, விருந்தன்று மட்டும் கோலா குடிப்பவருடையதைவிட விரைவில் தேய்வதில் வியப்பில்லை.

உணவோடு சேர்த்து ஒரே மூச்சில் குடித்து முடித்தால், பெருகும் உமிழ்நீர் ஏறக்குறைய அரைமணி நேரத்தில் அமிலத்தைச் சமன்செய்துவிடும். ஐதராபாத்தின் மாதாப்பூரிலோ கச்சிபௌலியிலோ கணினிமுன் அமர்ந்து, ஒரு பாட்டிலை மதியம் முதல் மாலைவரை மிடறு மிடறாகச் சுவைக்கும் இளைஞனுக்கு அந்த அரைமணி நேரம் கிட்டுவதேயில்லை. குடித்தவுடன் பல் துலக்குவதும் தவறு. இளகிய எனாமலை பிரஷ் சுரண்டிவிடும். வெறும் தண்ணீரால் கொப்பளிப்பதே போதும்.

அடைப்பு வைத்துக்கொண்டு திரும்புகிறவரை, எதனால் அடைத்தார்கள் என்று கேட்டால், ‘வெள்ளை சிமெண்ட்’ என்பார். அதற்குமேல் அவருக்குச் சொல்லப்படுவதில்லை. எலுமிச்சையைக் குறைக்க வேண்டியவர் எவர், விளிம்பை ஆண்டுதோறும் காட்டிச் சோதிக்க வேண்டியவர் எவர் என்பதெல்லாம் வைத்த பொருளைப் பொறுத்திருக்க, அதன் பெயரையும் வைத்த தேதியையும் சீட்டில் எழுதித் தருமாறு வைத்தியரைக் கேட்பது நோயாளியின் உரிமை என்றே கருதுகிறேன்.

(தொடரும்)