புனேயிலிருந்து சென்னைக்கு வான்வழி

மகர்பட்டாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. ஊரில் தாயாருக்கு உடல்நலம் குன்றியதாகச் செய்தி வருகிறது. உடனே புறப்பட்டால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம்? விமானச் சீட்டு ஒன்றே முக்கால் மணி நேரம் என்கிறது. அதை மட்டும் நம்பி உறவினருக்கு வாக்களித்துவிடுவோர் பலர்.

முதலில் தூரத்தைக் காண்போம். இருப்புப் பாதை தௌண்ட், சோலாப்பூர், குண்டக்கல், ரேணிகுண்டா என வளைந்து ஏறத்தாழ 1,090 கிலோமீட்டர் செல்கிறது. இரயிலில் சுமார் இருபது மணி நேரமாகும். லோஹேகாவ் விமான நிலையத்திலிருந்து மீனம்பாக்கத்திற்கு நேர்கோட்டில் அளந்தாலோ ஏறத்தாழ 910 கிலோமீட்டர், பழைய கணக்கில் 565 மைல்தான்.

இக்கால ஜெட் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 800 கிலோமீட்டர் பறக்கும். அப்படியானால் ஒரு மணி பத்து நிமிடம் போதுமே என்று கேட்கலாம். கால அட்டவணையில் காண்பது பறக்கும் நேரம் மட்டுமன்று. விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் நிற்பது வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மெல்ல மேலேறி இறங்குவதும் அதில் அடங்கும். மேலும் லோஹேகாவ் விமானப்படைத் தளம். போர் விமானங்களும் பயணிகள் விமானங்களும் ஒரே ஓடுபாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே காத்திருப்பதற்கும் சிறிது நேரம் ஒதுக்கவேண்டியுள்ளது.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. குளிர்காலத்தில் மேல்வானில் மேலைக்காற்று வீசுவதால் சென்னைக்குச் செல்லும் விமானத்திற்கு அது துணையாகும். தென்மேற்குப் பருவத்திலோ, தரையில் காற்று மேற்கிலிருந்து வீச, மிக உயரத்தில் கிழக்கிலிருந்து பெருங்காற்று ஓடுகிறது. இவ்விந்தையை 1958-இல் ஆராய்ந்து எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் கோடேஸ்வரம். அப்பருவத்தில் புனே திரும்பும் பயணமே விரைவானது. எதிர்க்காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் எனக் கொண்டால், பின்காற்றில் செல்வதைவிட எட்டு ஒன்பது நிமிடம் கூடும். அது பெரிய இழப்பன்று.

உண்மையான இழப்பு தரையில்தான். மகர்பட்டாவிலிருந்து லோஹேகாவ் சுமார் பத்துக் கிலோமீட்டர்; ஆயினும் மாலை நெரிசலில் முண்ட்வா வழியே செல்ல ஒரு மணி நேரம் வைத்துக்கொள்வது நலம். விமானம் கிளம்ப ஒரு மணி முன்பே பதிவு மேசையை மூடுவது வழக்கமாதலால், இரண்டு மணி முன்னதாகச் சேரவேண்டும். பெட்டி பெற்று வெளிவர அரைமணி. ஆக, வீட்டுப்படி இறங்கி மீனம்பாக்கம் வாயிலில் நிற்க ஐந்தேகால் மணி நேரம். உறவினரிடம் சொல்லவேண்டிய கணக்கு இதுவே.

தமிழகம் செல்வோர் அனைவரும் சென்னையில்தான் இறங்கவேண்டும் என்பதும் இல்லை. புனேயிலிருந்து கோயம்புத்தூரும் நேர்கோட்டில் ஏறத்தாழ 900 கிலோமீட்டரே! ஈரோட்டுக்காரர் சென்னையில் இறங்கினால் மேலும் நானூறு கிலோமீட்டர் மேற்கே திரும்பிப் பயணப்பட வேண்டும். நேர் விமானம் இல்லாத நாளில் பெங்களூரில் மாறிக் கோவை செல்வது அவருக்கு எளிது. நாகர்கோவில் அன்பர்களுக்குத் திருவனந்தபுரமே அண்மையான நிலையம்.