உஷார்! வெள்ளைத் துணியில் கறை ஏற்றும் குவில்ட்டிங் கையுறை

குவில்ட் தைக்கும் தோழிகளே, மெஷினில் உட்காரும் முன் ஒரு நிமிடம்! பக்கத்தில் கிடக்கும் கையுறையை எடுத்து விரல் நுனிகளை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். லேசாக நீலம் பாய்ந்திருக்கிறதா? சாம்பல் நிறத்தில் அழுக்குப் படிந்திருக்கிறதா? அப்படியென்றால் அந்தக் கையுறையோடு இன்று வெள்ளைத் துணியைத் தொடவே தொடாதீர்கள். மாதக்கணக்கில் வெட்டி, இணைத்து, இஸ்திரி போட்டு, மூன்றடுக்காகச் சேர்த்த உழைப்பை ஒரே மாலையில் பாழாக்க அந்த நுனிகளே போதும்.

பிடிப்புதான் வினை

ஃப்ரீ மோஷன் தையலில் மெஷினின் பற்களை இறக்கிவிடுகிறோம். துணியை நகர்த்துவது முழுக்க நம் கைகள்தான். மேல்துணி, பேட்டிங், அடித்துணி மூன்றும் சேர்ந்தால் கனம் அதிகம். வெறும் விரல் வழுக்கும். அதற்காகத்தான் நுனியில் ரப்பரோ பாலியூரித்தேனோ பூசிய நைலான் கையுறையைப் போடுகிறோம். வழுக்காமல் பிடிக்கிற அந்தப் பூச்சு, தொட்டதையெல்லாம் பிடித்துக்கொள்ளவும் செய்கிறது. கருநீலத் துண்டை அழுத்தித் தள்ளும்போது சாயம் நுனியில் ஏறுகிறது. அடுத்த நொடி அதே விரல் வெள்ளைத் துண்டில் அழுந்துகிறது. மைப்பெட்டியில் ஒற்றி எடுத்த ரப்பர் ஸ்டாம்ப் போலப் பதிந்துவிடுகிறது. முதல் சில பதிவுகள் கண்ணுக்கே தெரியாது. தைத்து முடித்து விரித்துப் பார்க்கும்போதுதான் வெள்ளைப் பகுதி முழுக்க மங்கித் தெரியும்.

‘துவைச்சாச்சே!’ என்று இருந்துவிடாதீர்கள்

பலரும் ஏமாறுவது இங்கேதான். தண்ணீரில் சாயம் இறங்குவது வேறு, உரசலில் சாயம் ஒட்டுவது வேறு. முதல் சோதனையில் தேறிய துணி இரண்டாவதில் கவிழலாம்.

இண்டிகோவை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் கரைந்த நிலையில் நூலில் ஏறும் அது, காற்று பட்டதும் தண்ணீரில் கரையாத நீலமாக மாறி, பெரும்பாலும் நூலின் வெளிப்புறத்திலேயே தங்கிவிடும். அலசும் தண்ணீர் தெளிவாக வந்தாலும் உரசினால் நீலம் வரும். பழைய ஜீன்ஸை வெட்டி குவில்ட் தைப்பவர்கள் இதை மறக்கவே கூடாது. பிக்மென்ட் பிரிண்ட் துணிகளில் நிறம் நூலுக்குள் போவதே இல்லை. பைண்டர் என்ற பசைதான் அதை மேலே ஒட்டி வைத்திருக்கிறது. பசை தேய்ந்தால் நிறமும் கூடவே வரும்.

1956-ல் சந்தைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள் பருத்தியோடு வேதியியல் பிணைப்பே போட்டுக்கொள்பவை. அவற்றை நம்பலாம். ஆனால் சாயமேற்றிய பிறகு, பிணையாமல் மிஞ்சிய சாயத்தைப் பட்டறையில் சரியாக அலசி நீக்காவிட்டால் அதுவும் கையில் ஒட்டும். கறுப்பு, கருநீலம், மெரூன், அடர் சிவப்பு ஆகிய நிறங்களுக்குச் சாயம் அதிகம் ஏற்ற வேண்டும் என்பதால் ஆபத்தும் அவற்றில்தான் அதிகம்.

நம் ஊர்த் துணி என்பதற்காகச் சோதிக்காமல் விடாதீர்கள். மெட்ராஸ் செக்ஸ் துணி 1960-களில் அமெரிக்காவில் ‘ப்ளீடிங் மெட்ராஸ்’ என்ற பெயரிலேயே விற்பனையானது. துவைக்கத் துவைக்கக் கட்டங்கள் ஒன்றோடொன்று கலப்பதையே அழகு என்று விளம்பரம் செய்தார்கள். சட்டைக்கு அது அழகாக இருக்கலாம். வெள்ளை காடாவுக்குப் பக்கத்தில் வைத்துத் தைக்கும் குவில்ட்டுக்கு அது நாசம்.

வியர்வை வந்தால் இன்னும் மோசம்

ஈரத்தோடு உரசினால், காய்ந்த உரசலைவிடப் பொதுவாகச் சாயம் கூடுதலாக ஒட்டும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ மே மாத மதியத்தில் நைலான் கையுறை போட்டுத் தைத்தால் விரல் நுனி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மார்க்கர் கோட்டை அழிக்கத் தண்ணீர் தெளித்த இடத்தை அதே கையுறையால் தொடுவதும் ஆபத்து. போதாக்குறைக்கு, நைலான் சாயத்தை எளிதில் வாங்கிக்கொள்ளும் இழை. ஆகவே கையுறையைச் சாயத் துணிகளோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள்.

சாயம் மட்டுமா? தையல் மெஷின் எண்ணெய், பாபின் கூட்டில் சேரும் கறுத்த பஞ்சுத் தூசு, டெய்லர் சாக் பொடி, பென்சில் கரி எல்லாம் அந்த நுனியில்தான் வந்து சேரும். கையுறையோடு போனை எடுக்கிறோம், நெற்றி வியர்வையைத் துடைக்கிறோம். குங்குமமும் கண்மையும் துணிக்கு வந்து சேர அவ்வளவு போதும்.

அழுக்கு தெரியாது என்று ஹார்டுவேர் கடையில் கறுப்பு, சாம்பல் நிறக் கையுறை வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வேலைக்கு அழுக்கு உடனே தெரிகிற வெள்ளைக் கையுறையே பாதுகாப்பு. கறை கண்ணில் பட்டால்தானே மாற்றுவீர்கள்! பூச்சு பிசுபிசுத்தாலோ செதில் செதிலாக உதிர்ந்தாலோ அந்த ஜோடியைத் தூக்கிப் போடுங்கள். ஈரக்காற்றில் பாலியூரித்தேன் நாளடைவில் அப்படித்தான் சிதையும்.

வீட்டிலேயே சோதியுங்கள்

ஆலைகளில் இதற்கு க்ராக்மீட்டர் என்ற கருவி உண்டு. ஐஎஸ்ஓ 105-எக்ஸ்12 தரப்படி, 16 மி.மீ. அகலமுள்ள வட்ட முனையில் வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றி, 9 நியூட்டன் விசையில், அதாவது ஏறக்குறைய 900 கிராம் எடை அழுத்தத்தில், 10 முறை முன்னும் பின்னும் தேய்ப்பார்கள். வெள்ளைத் துணியில் ஏறிய கறையைப் பார்த்து 5 முதல் 1 வரை மதிப்பெண். 5 என்றால் கறையே இல்லை, 1 என்றால் படுமோசம்.

உங்களுக்குக் கருவி வேண்டாம். விரலில் வெள்ளைப் பருத்தித் துண்டைச் சுற்றி, அடர்நிறத் துணியை 10 முறை அழுத்தித் தேயுங்கள். பிறகு இன்னொரு வெள்ளைத் துண்டை நனைத்துப் பிழிந்து அதேபோலச் செய்யுங்கள். இரண்டிலும் நிறம் ஏறாவிட்டால் வெட்டலாம். ஏறினால், சோப்புப் போட்டு வெந்நீரில் துவைத்து, தண்ணீர் தெளியும்வரை அலசி, காய்ந்ததும் மறுபடி சோதியுங்கள். அப்போதும் ஒட்டினால் அந்தத் துணி வெள்ளைக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

கல் உப்பை நம்பாதீர்கள்

‘உப்புத் தண்ணியில ஊறப்போட்டா சாயம் நிக்கும்’ என்று வீட்டுக்கு வீடு சொல்கிறோம். சாயத் தொட்டியில் உப்பு சேர்ப்பது உண்மைதான். சாயத்தை நூலின் பக்கம் தள்ள அது உதவும். பருத்தியோடு பிணைய வைப்பது அதன்பின் சேர்க்கும் காரம். கடையில் வாங்கி வந்த துணியை உப்பில் ஊறவைத்தால் அந்த வேலை நடக்காது. வினிகரும் பருத்திக்கு உதவாது. அமிலச் சாயம் ஏற்றிய கம்பளி, பட்டு ஆகியவற்றுக்குத்தான் அது பொருந்தும். உப்பில் ஊறியது என்ற தைரியத்தில் சிவப்பையும் வெள்ளையையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள்!

இனி தவறாமல் செய்ய வேண்டியவை

• இரண்டு ஜோடி கையுறை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வெளிர் நிறங்களுக்கு, மற்றொன்று அடர் நிறங்களுக்கு.

• டிசைன் இடம் கொடுத்தால் வெளிர்ப் பகுதிகளை முதலில் தைத்துவிடுங்கள்.

• தைக்கும்போது அடிக்கடி நுனியை ஒரு வெள்ளைத் துண்டில் தேய்த்துப் பாருங்கள். நிறம் வந்தால் உடனே மாற்றுங்கள்.

• கையுறையை மென்மையான சோப்பில் கையால் கசக்கி நிழலில் காயப்போடுங்கள். ப்ளீச் வேண்டாம், இஸ்திரி வேண்டாம்.

• மெஷினுக்கு எண்ணெய் விட்ட பிறகு முதலில் கழிவுத் துணியில் கொஞ்ச தூரம் தைத்து, தட்டையும் துடைத்துவிட்டு குவில்ட்டை எடுங்கள்.

கறை பட்டுவிட்டதா? பதறித் தேய்க்காதீர்கள்!

தேய்த்தால் சாயம் இழைக்குள் இறங்கும். அந்த இடத்தில் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள், சூடு கறையை நிலைக்க வைத்துவிடும். முதலில் காய்ந்த நிலையிலேயே செல்லோ டேப்பை மெல்ல ஒற்றி எடுங்கள். மேலாக ஒட்டிய துகளும் தூசும் அதில் வந்துவிடலாம். மிச்சம் இருந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியால் ஒற்றுங்கள். பக்கத்தில் சாயம் போகும் துண்டு இருந்தால் ஈரம் அதுவரை பரவவே கூடாது. பரவினால் சின்னக் கறை பெரிய கறையாகிவிடும்.

முழு குவில்ட்டையும் துவைத்தாக வேண்டுமென்றால் நிறையத் தண்ணீரில், மென்மையான சோப்போடு துவையுங்கள். சாயம் இறங்கியது தெரிந்தால் காயவிடாமல், தண்ணீரை மாற்றி மீண்டும் மீண்டும் அலசுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் மடிப்புக்கு மடிப்பு சாயம் இறங்கும். ப்ளீச்சிங் பவுடரை மட்டும் கிட்டவே சேர்க்காதீர்கள். கறையோடு மற்ற நிறங்களும் போகும், பருத்தி இழையும் நைந்துவிடும்.

வாங்கும் துணியின் சாயம் நம் கட்டுப்பாட்டில் இல்லை. கையுறையின் சுத்தம் முழுக்க நம் கையில் இருக்கிறது. இன்றிரவே உங்கள் ஜோடியைத் துவைத்துப் போடுங்கள். உங்களோடு சேர்ந்து தைக்கும் தோழிகளுக்கும், புதிதாகக் கற்க வரும் பெண்களுக்கும் இதை இப்போதே சொல்லிவிடுங்கள். அவர்களின் வெள்ளைத் துணியாவது தப்பிக்கட்டும்!