மடிக்கணினி உறங்கப் போகும்போது அதன் மூளைகள் ஏன் ஒவ்வொன்றாக விலகுகின்றன?

உங்கள் மடிக்கணினியில் எட்டு சிபியுக்கள், அதாவது மூளைகள், இருக்கலாம். லினக்ஸில் அதை ஆழ்ந்த உறக்கத்துக்கு அனுப்பினால், ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அதன் மைய நிரலான கெர்னல் முதலில் வேலையிலிருந்து விலக்கிவிடும். அத்தனையையும் ஒரே நொடியில் அணைத்தால் என்ன?

கல்யாணச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் கொதிக்கும் அடுப்பைச் சட்டென்று அணைப்பார்களா? முதலில் அதில் புதுப் பாத்திரம் ஏற்ற மாட்டார்கள். பிறகு, கொதிப்பதைப் பக்கத்து அடுப்புக்கு மாற்றுவார்கள்.

கெர்னலும் அப்படியே. விலகப்போகும் சிபியுவுக்குப் புது வேலை தருவதை நிறுத்துகிறது. பாதியில் நிற்கும் வேலைகளை இடம் மாற்றுகிறது. 'இந்த அடுப்பில் மட்டும்தான்' என்று கட்டிவைத்த வேலையையும், வேறு வழியில்லாததால், கட்டவிழ்த்து நகர்த்துகிறது.

அடுத்த கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இயங்கும் சிபியுக்கள் எல்லாம் ஒரு கணம் கைவேலையை நிறுத்துகின்றன. அந்த அமைதியில்தான், விசைப்பலகை, வட்டு போன்றவற்றிடமிருந்து விலகும் சிபியுவுக்கு வரும் அழைப்புகள் மற்ற சிபியுக்களுக்குத் திருப்பிவிடப்படுகின்றன. ஓர் அழைப்பு தவறினாலும் ஏதோ ஒரு நிரல் பதிலுக்காகக் காத்தே கிடக்கும்!

சரி, இப்படி விலக்க முடிகிறதென்றால், எத்தனை சிபியுக்களை வேண்டுமானாலும் பிறகு சேர்க்கலாமா? முடியாது. அதிகபட்சம் எத்தனை வரலாம் என்பதைக் கணினி தொடங்கும்போதே கெர்னல் முடிவுசெய்து, ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் தனி இடம் ஒதுக்கிவிடும். அடுப்புக்குழி வெட்டாத இடத்தில் அடுப்பு மூட்ட வழியில்லை.

விழித்தெழும்போது, விலகிய சிபியுக்கள் ஒவ்வொன்றாக வேலைக்குத் திரும்பும்.