முயலை மெல்லக் கொண்டு வாருங்கள்

குழந்தைக்குப் பயத்தைப் பழக்கிவிட முடியும் என்று காட்டுவதற்கே ஒருவர் மெனக்கெட்டிருக்கிறார். அமெரிக்காவில், 1920-ல் வெளியான ஆய்வு அது. ஆல்பர்ட் என்ற 11 மாதக் குழந்தை வெள்ளை எலியைத் தொடப் போகும்போதெல்லாம், ஜான் வாட்சன் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் அடிக்கவைத்தார். சீக்கிரமே எலியைப் பார்த்தாலே குழந்தை அழுதது. முயலுக்கும் நாய்க்கும்கூட அழுதது. ஏற்றிய பயத்தை இறக்காமலேயே அனுப்பிவிட்டார்கள். கொடுமைதான்.

பயத்தை இறக்கும் வழியைத் தேடியவர் மேரி கவர் ஜோன்ஸ். 1924-ல் அவர் எழுதிய ஆய்வில் வரும் பீட்டர் என்ற சிறுவனுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. முயல், ரோமக் கோட்டு, பஞ்சு எல்லாவற்றுக்கும் நடுங்குவான். ஆய்வுக்காக யாரும் ஏற்றிவிட்ட பயமல்ல. பயமில்லாத பிள்ளைகளோடு அவனை விளையாடவிட்டார் ஜோன்ஸ்; முயலும் பக்கத்தில் இருந்தது. இடையில் காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் கிடந்தான். வெளியே வரும்போது பெரிய நாயொன்று பாய, பழைய பயம் முழுசாகத் திரும்பிவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பிடித்த தின்பண்டத்தைக் கையில் கொடுத்துவிட்டு, கூண்டு முயலைத் தூரத்தில் வைத்தார். பையன் கலங்காத அளவுக்கு நாளுக்கு நாள் நெருக்கினார். கடைசியில் முயல் அவன் விரலைக் கொறிக்க, பேசாமல் இருந்தான்.

மற்ற குழந்தைகளிடம் ஜோன்ஸ் செய்த ஆய்வில் தோற்ற வழிகள்தான் நமக்கு முக்கியம். முயலைப் பற்றி இனிக்க இனிக்கப் பேசியது பலிக்கவில்லை. கண்ணில் காட்டாமல் வைத்திருந்தும் பயம் போகவில்லை. மற்ற பிள்ளைகளின் கேலி பலிக்காததோடு, பயத்தை இறுக்கவும் செய்தது. “ஆம்பளப் புள்ள, இதுக்கெல்லாம் பயப்படலாமா?” என்று நாம் கேட்பதும் இந்தக் கேலிதான்.

ஒரு வாய் சோற்றுக்காகப் பூச்சாண்டியையும் போலீஸையும் கூப்பிடும் வீடுகள் வாட்சனின் வேலையைச் சுத்தியல் இல்லாமலே செய்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை, உதவி கேட்க வேண்டிய காக்கிச் சட்டையைக் கண்டே ஓடும்.

எட்டு மாதத்தில் புது முகத்துக்கு அழுவதும், மூன்று நாலு வயதில் இருட்டுக்கு மிரள்வதும் வளர்ச்சியில் சேர்ந்தவை, தானாகக் கரையும். ஆனால் பயத்தைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு அது பள்ளி நாள் காலையில் வயிற்றுவலியாக வரும். நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்பும்; பிள்ளை கூடப் படிப்பவரைக் கடிக்கும். இதை அடம் என்று அடிப்பவர்கள் அதிகம். வாரக்கணக்கில் நீடித்துத் தூக்கத்தையும் பள்ளியையும் கெடுத்தால், குழந்தை மருத்துவரிடமோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ காட்டலாம். போகிற வழியில் “சொன்னபடி கேக்கலைன்னா டாக்டர்கிட்ட ஊசி போடச் சொல்லிடுவேன்” என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.