உங்களுக்குத் தெரியுமா? எஸ்பிரஸோவின் பொன்னிற நுரை

எஸ்பிரஸோ காப்பியின் மேல் படரும் பொன்னிற நுரை அந்தப் பானத்துடன் கூடப் பிறந்ததன்று. மிலான் நகரத்து லூயிஜி பெஸெரா 1901-இல் உரிமை கோரிய யந்திரம் நீராவியின் பலத்தையே நம்பியிருந்தபடியால், அழுத்தம் சொற்பமாகவும் உஷ்ணம் மிதமிஞ்சியும் போய், காப்பியில் கசப்பே விஞ்சி நின்றது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அதே நகரத்து அக்கீலே காஜ்ஜியா, நெம்புகோலை இழுத்தால் சுருள்வில் இறுகி, கையைத் தளர்த்தியதும் அவ்வில் விரிந்து, வாயுமண்டலத்தைப் போல் எட்டு ஒன்பது மடங்கு அழுத்தத்தோடு வெந்நீரைத் தூளினூடே செலுத்தும் அற்புதமான உபாயத்தைக் கொணர்ந்த பிறகே, வறுத்த கொட்டையில் அடைபட்டிருந்த கரியமில வாயு அந்நீரில் கரைந்து, கோப்பையை அடைந்ததும் நுண்ணிய குமிழ்களாக வெளிப்பட்டு, காப்பியின் எண்ணெயோடு கூடி நுரையாகத் திரண்டது. 1961-இல் ஃபேமா நிறுவனத்தின் இ61 யந்திரம், கைவலிமையால் நடந்துவந்த இக்காரியத்தை மின்சாரப் பம்பிடம் ஒப்புவித்தது.