ஒரு ரூபாய்க் காசில் ஒரு வடு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே உள்ள ஊர் நெம்மேலி. ஒருபுறம் கடல், மறுபுறம் பக்கிங்காம் கால்வாய். அண்மையில் அவ்வூரில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, 1998-ஆம் ஆண்டின் ஒரு ரூபாய் நாணயத்தை என்னிடம் நீட்டினாள்.

"கடையில வாங்க மாட்டேங்கிறாங்க சார். கள்ளக் காசாம். பாட்டி கொடுத்தது சார்" என்றாள். குரலில் காசு போன வருத்தத்தைவிடப் பாட்டியைக் குறை சொல்லிவிட்டார்களே என்ற வருத்தமே அதிகம்.

காசைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சிங்கத் தூணின் இருபுறமும் மெல்லிய வளைகோடுகள் இரண்டு தெரிந்தன. கடைக்காரர் ஐயப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் ஐயம் வேறு, சான்று வேறு அல்லவா?

முதலில் எளிய சோதனைகள். அந்தக் காலத்து ஒரு ரூபாய் துருப்பிடிக்காத எஃகால் ஆனது. குறுக்களவு 25 மில்லிமீட்டர், எடை 4.85 கிராம். நகைக்கடைத் தராசில் எடை சரியாக இருந்தது. காந்தமும் இழுத்தது. உப்புக்காற்று அரித்திருக்குமோ? அரிப்பு புள்ளி புள்ளியாகக் குழி பறிக்கும். இருபுறமும் ஒத்த வளைகோடு போடாது. யாராவது கீறியிருப்பார்களோ? உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது கோடுகள் சிங்கத்தின் மேல் ஏறாமல், அதன் ஓரம் வரை வந்து நின்றுவிட்டிருந்தன. ஆணியால் கீறினால் மேடு பள்ளம் பார்த்தா கீறுவார்கள்?

இங்கேதான் நாணயம் அச்சாகும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாணயச்சாலையில் கடினப்படுத்திய எஃகு அச்சுகள் இரண்டு எதிரெதிராக இருக்கும். நடுவே வெற்று உலோக வில்லை வந்து அமரும். பல டன் விசையுடன் அச்சுகள் அழுத்த, வில்லை நாணயமாகி வெளியேறும். இக்கால எந்திரங்கள் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் இப்படி அடித்துத் தள்ளுகின்றன. இந்த வேகத்தில் எப்போதாவது ஒரு வில்லை வந்து சேராமல் போகும். எந்திரம் காத்திருக்குமா? அச்சும் அச்சும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும். இதையே 'அச்சு மோதல்' என்கிறோம்.

நாணயத்தில் மேடாக உள்ள சிங்கம் அச்சில் பள்ளமாக இருக்கும். எனவே மோதும்போது அச்சுகளின் சமதளப் பகுதிகளே தொட்டுக்கொள்ளும், பள்ளங்கள் தப்பிவிடும். எதிர் அச்சிலுள்ள பள்ளத்தின் விளிம்புக் கோடு மட்டும் இந்த அச்சின் சமதளத்தில் வடுவாகப் பதியும். கோடுகள் சிங்கத்தின் மேல் ஏறாததன் காரணம் இப்போது விளங்குகிறதா?

அப்படியானால் அந்த வளைகோடுகள் எதன் விளிம்பு? காசைத் திருப்பினால் விடை கிடைத்தது. மதிப்புப் பக்கத்தில் '1' என்ற எண்ணின் இருபுறமும் தானியக் கதிர்கள்!

இதை நீங்களும் சோதிக்கலாம். மதிப்புப் பக்கத்தின் மேல் மெல்லிய டிரேசிங் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து உருவம் எடுங்கள். தாளை இடவலமாகப் புரட்டிச் சிங்கப் பக்கத்தின் மேல் வையுங்கள். காசு கண்ணாடியால் ஆனதாக இருந்தால் பின்பக்கம் எப்படித் தெரியுமோ, அப்படித்தான் மோதல் வடுவும் விழும். எழுத்துகள் விழுந்திருந்தால் இடவலம் மாறித் தெரியும். நம் காசில் விழுந்தவை இருபுறமும் ஒத்த கதிர்கள். எனவே அந்த அடையாளம் நமக்கு உதவவில்லை. ஆனால் இடமும் கோணமும் அச்சொட்டாகப் பொருந்தின.

இரண்டு காசுகளைச் சேர்த்துப் பட்டறைப் பிடியில் நசுக்கியும் சிலர் ஏமாற்றுவதுண்டு. அதில் வடு மேட்டுப் பகுதிகளின் மேலேயே பள்ளமாக விழும், மேடுகள் நசுங்கியிருக்கும், கோணமும் தாறுமாறாக இருக்கும்.

இத்தகைய காசுகளுக்குச் சேகரிப்பாளர்கள் பெயர் சூட்டுகிறார்கள். அமெரிக்காவின் 1955 அரை டாலரில், பின்பக்கக் கழுகின் இறகுக் கோடு பிராங்க்ளினின் வாயருகே விழுந்து எத்துப்பல் போலத் தெரிந்தது. கார்ட்டூன் முயலின் பெயரால் அதை 'பக்ஸ் பன்னி' என்றார்கள். வடுவைப் போக்க அச்சைத் தேய்ப்பதும் உண்டு. அதிலும் வம்பு வரும். 1937-இல் டென்வர் நாணயச்சாலையில் அப்படித் தேய்த்ததில் ஐந்து சென்ட் காசின் காட்டெருமை ஒரு முன்னங்காலை இழந்து மூன்றுகால் எருமையாயிற்று. கனடாவின் 1955 வெள்ளி டாலரிலும் அச்சு மிகுதியாகத் தேய்ந்ததால் படகருகே நீர்க்கோடுகள் குறைந்தன. அந்தக் காசுகள் ஒன்டாரியோ மாநிலத்து ஆர்ன்பிரையர் ஊர் நிறுவனம் ஒன்றுக்குச் சென்றதால், ஊர்ப் பெயரே காசுக்கும் ஒட்டிக்கொண்டது.

இந்தப் பெயர்கள் உண்மையில் ஒரு தனிக் காசுக்கு உரியவை அல்ல, அச்சுக்கு உரியவை. கீறல் ஒரு காசோடு போய்விடும். அச்சின் வடுவோ, அந்த அச்சு மாற்றப்படும் வரை அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு காசிலும் அதே இடத்தில் விழும். ஆகவே குறிப்பு எழுதும்போது மதிப்பு, ஆண்டு, நாணயச்சாலைக் குறி, எந்தப் பக்கத்தில் எதன் வடு என்பவற்றை எழுத வேண்டும். ஆண்டுக்குக் கீழே பாருங்கள்: சாய்சதுரம் மும்பை, விண்மீன் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, குறி இல்லையேல் கொல்கத்தா. நம் காசில் இருந்தது விண்மீன்.

"லட்சக்கணக்கில் விலை போகுமா சார்?" என்று உடன் வந்த தம்பி கேட்டான். அப்படி வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். சிறு மோதல் வடுவுள்ள காசுகள் அவ்வளவு அரியவை அல்ல.

ஆனால் காசு செல்லும். 2011 ஜூன் இறுதியோடு விலக்கப்பட்டவை 25 பைசாவும் அதற்குக் குறைந்தவையுமே. பத்து ரூபாய்க் காசை வாங்க மறுத்த கதை நினைவிருக்கும். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018-இல் ரிசர்வ் வங்கியே அறிவிக்க வேண்டியதாயிற்று.

அந்த மாணவி காசைச் செலவிடவில்லை. "1998, ஹைதராபாத், சிங்கப் பக்கம், கதிர் வடு" என்று எழுதிய காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறாள். கைக்கு வரும் ஒரு ரூபாய்களை எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதே அச்சில் பிறந்த இரண்டாவது காசைத் தேடிக்கொண்டிருக்கிறாள். இன்னும் கிடைக்கவில்லை.